பெரியவர் காதில் விழுந்த பாட்டு

தெமிரின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபோது தாடை எலும்பிலிருந்து ஒரு சில்லும் கூடவே வந்துவிட்டது. ஒரு மாதம் பாடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தோர்ஜுவின் குழுவுக்கு அடித்தொண்டை அவன்தான். மேலே விசில் போல எழும் குரலுக்கு அயாஸ் இருந்தான். நடுக்குரலுக்கும் குதிரைத்தலை செதுக்கிய, வில்லால் இழைக்கும் இகில் வாசிக்கவும் தோர்ஜு இருந்தார். எங்கள் தலைநகர் கிஸிலில் அடித்தொண்டைக்காரர்களுக்குப் பஞ்சம் கிடையாது. ஆனால் ஜூன் மாதத்தில் தேறியவர்கள் எல்லோரும் வெளிநாட்டு மேடைகளில் இருப்பார்கள். தேறாதவர்களில் விசாரித்துக்கொண்டே வந்து கடைசியில் தோர்ஜு என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"நீ காலேஜ்ல ரெண்டு வருஷம் கர்கிரா படிச்சல்ல?"

"ஒன்றரை வருஷம்ணே."

"பரவால்ல. மிச்ச அரை வருஷத்துல சொல்லிக் குடுத்தத மட்டும் பாடாம விட்டுடு."

கர்கிரா என்பது ஒரே தொண்டையிலிருந்து இரண்டு ஆளை வரவழைப்பது. கீழே இருப்பவன் உறுமுவான். மேலே இருப்பவன் அந்த உறுமலின் மேல் மெல்ல மிதந்து போவான். என் விஷயத்தில் கீழே இருப்பவன் மட்டும்தான் வருவான். அவனும் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவன் மாதிரி வருவான்.

இருந்தும் ஒப்புக்கொண்டேன். அவர் காட்டிய கச்சேரிப் பட்டியலில் மூன்றாவது ஊர் கோக்-தால். என் மனைவி சைலிக்கின் ஊர்.

ஆடு குட்டி போடும் காலம், அண்ணனுக்குக் கை போதவில்லை என்று மார்ச் மாதம் போனவள். குட்டிகள் பிறந்து, வளர்ந்து, ஓடி, ஒன்றிரண்டு ஓநாய்க்கும் போய்விட்டன. அவள் திரும்பவில்லை. போனில் கேட்டால் கம்பளி வெட்டு முடியட்டும் என்பாள். கம்பளி வெட்டுக்குப் பிறகு புல் அறுப்பு இருக்கிறது. புல் அறுப்புக்குப் பிறகு குளிர்காலப் பட்டிக்குக் குடிபெயர வேண்டும். ஆடு வைத்திருக்கும் குடும்பத்தில் ஒரு பெண் திரும்பி வராமலிருக்க வருடம் முழுக்கக் காரணம் கிடைக்கும்.

உண்மையான காரணம் எனக்குத் தெரியும். ஊருக்குச் சூடு கொடுக்கும் கரி நிலையத்தில் எனக்கு ராத்திரி ஷிஃப்ட். அவள் எழும்போது நான் படுப்பேன். நான் எழும்போது அவள் படுப்பாள். கல்யாணமாகி மூன்று வருடம், நாங்கள் இருவரும் ஒரே கட்டிலை முறை வைத்துப் பயன்படுத்தினோம். சத்திரத்தில் கூட இதைவிடப் பழக்கம் ஏற்பட்டிருக்கும்.

தோர்ஜு கூப்பிட்ட மறுநாளே அந்த வேலையை விட்டேன். விடுப்பு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். பாடகன் விடுப்பு கேட்டு நிற்கக் கூடாது என்று எனக்கு ஒரு எண்ணம். சைலிக்கிடம் இதைச் சொல்லவில்லை. மேடையில் என்னைப் பார்த்த பிறகு சொன்னால் தாங்கிக்கொள்வாள் என்று கணக்குப் போட்டேன். வேனில் நான்கு இருக்கைகள். நாங்கள் மூன்று பேர். நான்காவதில் அவளை உட்கார வைத்துக்கொண்டு கிஸிலுக்குத் திரும்ப வேண்டும். என் சங்கீத லட்சியம் அவ்வளவுதான்.

கோக்-தாலுக்குள் நுழையும் முன்பு தோர்ஜு வேனுக்குள் திரும்பிச் சொன்னார்:

"மூணாவது பாட்டு ஊர்ப் புகழ்ச்சி. ஆத்துப் பேரு, மலைப் பேரு கேட்டு வெச்சுக்கணும். மத்த ஊர்ல கடைக்குப் போயி நானே கேப்பேன். இங்க எதுக்கு? உன் மாமனார் ஊரு. நீயே போட்டுப் பாடிடு."

சரி என்றேன். ஆற்றின் பெயர் தெரியும், ஒரு தடவை அதில் விழுந்திருக்கிறேன். மலையின் பெயர் தெரியாது. சைலிக்கோ அவள் வீட்டாரோ அதைப் 'பெரியவர்' என்றுதான் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெரியவர் இன்னிக்கி முகம் காட்டல. பெரியவர் பக்கம் ஆட்ட விடாத. கிஸிலில் அடுக்குமாடியில் பிறந்தவனுக்கு இதெல்லாம் ஒரு பேச்சு வழக்கு. மூன்று வருடம் கழித்து மாமனார் ஊர் மலைக்கு என்ன பேர் என்று யாரிடமும் கேட்க வெட்கமாக இருந்தது. வேனின் முன்பெட்டியில் பழைய நிலவியல் வரைபடம் ஒன்று கிடந்தது. அதைப் பிரித்துப் பார்த்தேன். உயரம் போட்டு, பக்கத்திலேயே பெயர் அச்சாகியிருந்தது. வாயில் போட்டுப் பார்த்தால் பாட்டின் சந்தத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. என்ன பெயர் என்று இங்கே எழுதப் போவதில்லை. பட்டது போதும்.

கச்சேரி நடக்கவிருந்த ஊர் மன்றத்து வாசலில் சைலிக்கின் அண்ணன் ஷிராப் நின்றுகொண்டிருந்தான். கையெல்லாம் கம்பளி எண்ணெய்.

"வாங்க மாப்ளே. சொன்னாங்க, நம்பல. பாடவா வந்திருக்கீங்க, வேன் தள்ளவா?"

"பாடத்தான் மச்சான்."

"பட்டப்பகல்லயா? முழிச்சிருப்பீங்களா?"

அயாஸ் சிரித்தான். அவனுக்கு எங்கே சிரிக்க வேண்டும் என்று எப்போதும் தெரியும்.

சைலிக் பட்டியில் இருந்தாள். ஒரு பெட்டையைக் குப்புறத் தள்ளி முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கத்தரி போட்டுக்கொண்டிருந்தாள். பாதி ஆடுகள் மொட்டையாக, வெள்ளையாக, ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பவர்கள் போல நின்றன. மீதிப் பாதி பயத்தோடு அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"வந்துட்டியா," என்றாள், தலை நிமிராமல்.

"வந்துட்டேன்."

"பல்லு விழுந்தவருக்குப் பதிலாமே."

"விழல. புடுங்குனது."

"அப்ப வேலைக்கு என்ன சொல்லிட்டு வந்த?"

அந்த நேரம் பார்த்து ஆடு உதைத்தது. அவள் கவனம் அங்கே போயிற்று. அந்த ஆட்டுக்கு நான் இன்றும் நன்றியுள்ளவன்.

"கச்சேரிக்கு வருவல்ல?" என்றேன்.

"ஊரே வருது. நான் மட்டும் இதுங்களோட உக்காந்து என்ன பேசப்போறேன்?"

"முடிஞ்சதும் வேன்ல ஒரு எடம் இருக்கு சைலிக்."

கத்தரி நின்றது. முதல் தடவையாக என்னைப் பார்த்தாள். தெமிரின் நீல அங்கி எனக்குத் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. தெமிர் என்னைவிட ஒன்றரை ஆள்.

"மொதல்ல பாடி முடி," என்றாள். "பாக்கலாம்."

பாக்கலாம் என்றால் எங்கள் வீட்டில் ஏறக்குறையச் சம்மதம். நான் மன்றத்துக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனேன்.

மன்றம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் உடம்பில் கம்பளித் தும்பு. மேய்ச்சலை விட்டு வர முடியாதவர்களுக்காகக் கூரைமேல் ஓர் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். அதன் வாய் மலைப்பக்கம் பார்த்திருந்தது.

முதல் பாட்டு குதிரை ஓட்டம். தோர்ஜு இகிலைத் தேய்த்தால் குதிரை நிஜமாகவே வந்துவிடும். அந்த இரைச்சலில் என் குரல் பிழைத்துக்கொண்டது. இரண்டாவது பாட்டில் அயாஸ் தன் விசில் குரலை, சிகித்தை, எடுத்தான். அடியில் ஒரு கம்பி போல் குரலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மேலே தனியாக ஒரு குருவியைப் பறக்கவிட்டான். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். சைலிக் இரண்டாம் வரிசை ஓரத்தில், அண்ணனுக்குப் பக்கத்தில். அயாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது பாட்டு.

ஆற்றைப் பாடினேன். கூட்டம் தலையாட்டியது. புல்லைப் பாடினேன். பிறகு மூச்சை வயிறுவரை இழுத்து, தொண்டையின் அடிக்கதவைத் திறந்து, மலையின் பெயரை எடுத்தேன்.

கர்கிராவில் வார்த்தை தெளிவாக வராது என்பார்கள். அன்று வந்தது. ஒன்றரை வருடம் எந்த வாத்தியாருக்கும் என்னிடமிருந்து கிடைக்காத தெளிவு. கீழே இருப்பவன் உறுமினான். மேலே இருப்பவன், வாழ்நாளில் முதல் முறையாக, எழுந்து வந்து மிதந்தான். இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பெயரை ஒலிபெருக்கி வழியாக மலைக்கே அனுப்பி வைத்தார்கள்.

முன்வரிசையில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். கண் துடைத்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சைலிக் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

உருகிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அதனால் இன்னொரு தடவை பாடினேன். இந்தத் தடவை இழுத்து.

தோர்ஜு வில்லை நிறுத்தாமலேயே என் பக்கம் சாய்ந்தார். "அந்தப் பேர ஒனக்கு யாருடா குடுத்தா?"

"மேப்புல இருந்துச்சுண்ணே."

"மேப்புல," என்றார். அவர் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. சில மலைகளின் பெயரைத் தாராளமாகப் பாடலாம். சிலவற்றின் பெயரை அவற்றின் அடிவாரத்தில் மட்டும் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று மலைக்கு உரியவர் இறங்கி வந்துவிடுவார். எந்த மலை எந்த வகை என்று தெரிந்துகொள்ளத்தான் தோர்ஜு ஒவ்வொரு ஊரிலும் கடைக்குப் போய்க் கேட்கிறார். இதெல்லாம் எனக்குப் பொதுவாகத் தெரியும். பொதுவாகத் தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஷிராப் எழுந்து ஜன்னலுக்குப் போனான். மலையுச்சியில் மேகம் திரள்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். சாதாரணக் குரலில்தான் சொன்னான்.

"பெரியவர் தலையில துணி கட்டுறாரு."

நான் ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் மன்றம் காலியாகிவிட்டது. நாற்காலி விழும் சத்தம், பூட்ஸ் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. பாதி ஆடுகள் உடம்பில் மயிரில்லாமல் வெளியே நிற்கின்றன. கம்பளி வெட்டிய அன்று குளிர்மழையில் நனைந்த ஆடு விடிவதைப் பார்க்காது. ஜூனில் அந்த மலையில் பிற்பகலில் மேகம் கூடாத நாளே குறைவு என்று அயாஸ் ஒரு வாரம் கழித்துச் சொன்னான். ஒரு வாரம் கழித்து எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

மன்றத்துச் சாவி வைத்திருந்த அம்மாள் மட்டும் கதவோரம் நின்றிருந்தாள்.

"பாடுறதுன்னா பாடுங்க," என்றாள். "ஆனா பேரு சொல்லாம."

நான் மேடையிலிருந்து குதித்து ஓடினேன்.

வெளியே முதலில் காற்று வந்தது. பிறகு மழை, மழைக்குள் கடலைப்பருப்பு அளவுக்கு ஆலங்கட்டி. பட்டியில் ஆண்களும் பெண்களும் மொட்டை ஆடுகளைக் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கம்பளி போனதும் அவற்றுக்குத் தங்கள் கூட்டத்தையே அடையாளம் தெரியவில்லை, நாலா பக்கமும் ஓடின. ஷிராப் என்னைப் பார்த்தான்.

"மாப்ளே. நீங்கதான கூப்ட்டீங்க? நீங்களே அனுப்பி வைங்க."

"எப்படி?"

"எப்படிக் கூப்ட்டீங்களோ அப்படித்தான். அங்க திரும்பி நின்னு பாடுங்க. பாட்டுன்னா அவருக்கு இஷ்டம்."

அவன் கேலி செய்கிறானா, நிஜமாகச் சொல்கிறானா என்று அவன் முகத்தில் தெரியவில்லை. அந்தக் குடும்பத்தில் யார் முகத்திலும் தெரியாது. நான் மலையைப் பார்த்து நின்றேன். மலையே தெரியவில்லை, சாம்பல் நிறத்தில் ஒரு சுவர். பாடினேன். திறந்த வாய்க்குள் ஆலங்கட்டி ஒன்று விழுந்தது. இருமினேன். திரும்பவும் ஆரம்பித்தேன். மழை வலுத்தது.

கையில் ஆட்டோடு ஓடிய ஒரு பெண் சொல்லிக்கொண்டே போனாள்: "அவருக்குப் புடிக்கல போல."

பின்னால் ஓடிய ஆள் சொன்னான்: "நமக்குப் புடிச்சிதா?"

பின்னாலிருந்து யாரோ என் அங்கியைப் பிடித்து இழுத்தார்கள். சைலிக். தலைமுடியெல்லாம் ஒட்டிப்போயிருந்தது.

"வாய மூடு. ஆட்டப் புடி."

பிடித்தேன். கம்பளி இல்லாத ஆட்டைப் பிடிக்க எங்கே பிடிப்பது என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. சோப்புப் போட்ட குழந்தை மாதிரி வழுக்கும். முதல் ஆடு என்னைக் கீழே தள்ளிவிட்டு என்மேலேயே ஏறிப் போயிற்று. இரண்டாவதைத் தெமிரின் அங்கிக்குள் போட்டுச் சுற்றித் தூக்கினேன். அந்த அங்கிக்குத்தான் இடம் இருந்ததே. அதற்குப் பிறகு எல்லா ஆட்டையும் அப்படியே கொண்டுபோனேன். தெமிரிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். அவனால் வாயைத் திறந்து திட்ட முடியாது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

கொட்டகை நிரம்பியதும் கதவைச் சாத்தி, நடுவில் இருந்த அடுப்பை மூட்டினார்கள். கிழட்டுப் பெட்டை ஒன்று தேறாது என்று தெரிந்ததும், அதுவாகச் சாவதற்கு முன்பு ஷிராப் அதை ஓரமாகக் கொண்டுபோய், எங்கள் வழக்கப்படி நெஞ்சில் சிறிதாகக் கீறி, கையை உள்ளே விட்டு இதயக் குழாயை அறுத்து முடித்தான். தானாகச் செத்த ஆட்டை யாரும் தின்ன மாட்டார்கள். மற்றவை நின்றன. நடுங்கின. ஆனால் நின்றன. மனிதர்கள் கோணியால் அவற்றைத் தேய்த்துக்கொண்டே அவற்றின் நடுவில் உட்கார்ந்தார்கள், வெளியேயும் போக முடியாது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு தோர்ஜு வந்தார். இகிலை அங்கிக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். பின்னால் அயாஸ்.

"மூணு பாட்டுதான் ஆச்சு," என்றார். "எட்டுன்னு சொல்லிட்டு மூணோட போனா எனக்குத் தூக்கம் வராது."

"ஆளு பத்தலன்னா ஆட்டையும் சேத்துக்குங்கண்ணே," என்றான் ஷிராப். "ஆனா மாப்ள பாடக் கூடாது."

"அடித்தொண்ட இல்லாம எப்படிப்பா?"

கொட்டகையில் ஒரு விவாதம் நடந்தது. நான் அங்கே இல்லாதது போல என்னைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் தொப்பி கழற்றியவர் தீர்ப்புச் சொன்னார்: "வார்த்த இல்லாம பாடட்டும். ஒரே ஒரு வார்த்த வந்தாலும் வெளிய."

அப்படித்தான் மீதி ஐந்து பாட்டும் நடந்தது. ஆட்டு ஈரமும் சாணமும் நாறும் கொட்டகையில், வார்த்தை இல்லாமல் நான் உறுமிக்கொண்டிருந்தேன். சிறப்பாகப் பாடினேன் என்று சொல்ல ஆசைதான். மேலே இருப்பவன் திரும்ப வரவே இல்லை. ஆடுகள் அசைபோட ஆரம்பித்தன. அது நல்ல அறிகுறி என்றார்கள். என்னாலா, சூட்டாலா என்று கேட்டேன். சூட்டால் என்றார்கள்.

பாட்டு முடிந்து உப்புத் தேநீர் வந்தது. தோர்ஜு இகிலைத் துடைத்து உறையில் போட்டார். வெளியே ஆலங்கட்டி நின்று தூறல் மட்டும் இருந்தது. இன்னும் நல்ல வெளிச்சம். அடுத்த ஊருக்குக் கணவாயைத் தாண்ட வேண்டும்.

நான் எழுந்தேன். சைலிக் ஒரு பெட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நேராக அவளிடம் போனேன்.

"பாடி முடிச்சுட்டேன்," என்றேன். "எடம் இருக்குன்னு சொன்னேன்ல. வர்றியா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் ஷிராப் முந்திக்கொண்டான்.

"அவ வர்றது இருக்கட்டும். நீங்க எங்க போறீங்க?"

"வேனுக்கு."

"பேரு சொன்னவன் பெரியவர் முகம் காட்டுற வரைக்கும் கணவாயத் தாண்டக் கூடாது மாப்ளே. வண்டியோட உருட்டி விட்டுடுவாரு. ஒங்களப் பத்தி எனக்குக் கவலையில்ல. தோர்ஜு அண்ணனும் அதுலதான போறாரு."

தோர்ஜுவைப் பார்த்தேன். அவர் மேலே, கொட்டகைக் கூரையைப் பார்த்தார்.

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லடா," என்றார். "ரெண்டு பேரா சமாளிச்சுக்கறோம். அயாஸ் கீழயும் கொஞ்சம் எறங்குவான்."

"உங்களவிட நல்லாவே எறங்குவேன்," என்று அயாஸ் என்னைப் பார்த்துச் சொன்னான்.

மனைவியைக் கூட்டிப்போக வந்தவன் அங்கேயே நிற்க, வேன் கிளம்பிப் போயிற்று. நான்காவது இருக்கையில் ஷிராப் கொடுத்தனுப்பிய கம்பளி மூட்டை. மூன்றாவதில் அந்தக் கிழட்டுப் பெட்டையின் பின்தொடை.

கொட்டகைக்குத் திரும்பி வந்தேன். மற்றவர்கள் போய்விட்டார்கள். சைலிக் அதே பெட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கோணியை என் பக்கம் எறிந்தாள். நானும் ஓர் ஆட்டைப் பிடித்துத் தேய்த்தேன்.

"வேலைக்குப் போன் பண்ணிச் சொல்லிடு," என்றாள். "மேட்டுல ஏறுனா சிக்னல் வரும்."

"சொல்ல வேண்டியதில்ல."

"ஏன்?"

"விட்டுட்டேன்."

"எப்ப?"

"தெமிருக்குப் பல்லு புடுங்குன வாரம்."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. கோணி மட்டும் கொஞ்சம் அழுத்திப் போயிற்று. ஆடு முனகியது.

"பாடகனாகப் போறேன்னு விட்டியா?"

"அப்படித்தான் நெனச்சேன்."

"இன்னிக்கிக் கேட்டதுக்கப்புறமும் நெனைக்கிறியா?"

"இல்ல."

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. எதையோ கணக்குப் போடுவது போல என்னைப் பார்த்தாள்.

"அப்ப இனிமே ராத்திரியில தூங்குவியா?"

மூன்று வருடத்தில் அவள் என்னிடம் கேட்டதே இது ஒன்றுதான் என்று அப்போது தோன்றியது. பெரிதாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஏற்கெனவே அன்று வாயைத் திறந்து பட்டிருந்தேன்.

"தெரியல," என்றேன். "பழக்கம் விட்டுப்போச்சு. முயற்சி பண்றேன்."

"இன்னிக்கு வேணாம். இதுங்களுக்கு அடுப்பு அணையக் கூடாது."

"கிஸிலுக்கு வருவியா சைலிக்?"

"மொதல்ல மழை நிக்கட்டும். பெரியவர் முகம் காட்டட்டும். அப்பறம் போறியா, போறமான்னு பேசுவோம்."

போறியா என்பதற்கும் போறமா என்பதற்கும் நடுவில் ஒரு கணவாய் இருக்கிறது. அதை வரைபடத்தில் தேடக் கூடாது என்ற அளவுக்கு அறிவு வந்திருந்தது.

அவள் தேநீர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் போனாள். கதவைத் திறந்தபோது தூறல் சத்தம் கேட்டது. ஆடுகளுக்காக மழை நிற்க வேண்டும். எனக்காக இன்னும் ஒன்றிரண்டு நாள் நிற்கக் கூடாது. இதை எப்படி மரியாதையாக அவருக்குச் சொல்வது, சொன்னால் ஷிராப்புக்குக் கேட்குமா என்று யோசித்துக்கொண்டே அடுப்பில் காய்ந்த சாணத்தை எடுத்துப் போட்டேன்.